கட்டி இருந்தால் மாத்திரை வேண்டாம்

டாக்டர் சிரித்துப் பேசினால் வக்கீலுக்குப் பிடிக்காது. எரிந்து விழுகிறவன் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறான், அதோடு அவன் கதை முடிந்தது. சிரித்துப் பேசுகிறவன் எதையோ உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறான். அன்று காலை டாக்டர் தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம், காபி சொல்லட்டுமா?" என்றபோதே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

வக்கீல் என்றதும் கறுப்பு அங்கியை நினைத்துவிட வேண்டாம். லாரி நிறுத்தத்தை ஒட்டிய சந்துகளில் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். அதற்கு அவள் செயலாளர். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று சட்டம் பேசியே பல பேரை வெளியே கொண்டுவந்தவள் என்பதால் பெண்கள் வைத்த பட்டப்பெயர் அது. நாளடைவில் அவளுடைய சொந்தத் தங்கையே அவளை வக்கீலு என்றுதான் கூப்பிட்டாள்.

டாக்டரின் ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டிருந்த ஆய்வைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கத் தினமும் விழுங்கும் மாத்திரை ஏற்கெனவே உண்டு. இப்போது புதிதாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் ஊசி வந்திருந்தது. இரண்டில் எது நன்றாகக் காப்பாற்றுகிறது என்று பார்ப்பதே ஆய்வு. சேர்ந்த ஒவ்வொருத்திக்கும் ஊசியும் போட்டார்கள், மாத்திரைப் பாட்டிலும் கொடுத்தார்கள். ஆனால் ஒருத்திக்கு ஊசி நிஜம் என்றால் மாத்திரை பொய், அதில் மருந்தே இருக்காது. மாத்திரை நிஜம் என்றால் ஊசி பொய். யாருக்கு எது நிஜம் என்பது அவளுக்கும் தெரியாது, ஊசி போடும் நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எங்கோ தொலைவில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியுமாம்.

"யாருக்குமே தெரியாதுன்னா அப்புறம் யாருதான் சார் இதை நடத்துறது?" என்று முதல் கூட்டத்திலேயே வக்கீல் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இப்போது டாக்டர் காபிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"வெளியில ஒரு கண்காணிப்புக் குழு இருக்குன்னு சொன்னேனே மேடம். அவங்ககிட்ட இருந்து தகவல் வந்திருக்கு. நம்ம ஆஸ்பத்திரியில நிஜ மாத்திரை வாங்குறவங்க சில பேர் ரத்தத்துல அந்த மருந்தே இல்லையாம். யாருன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா யாரோ மாத்திரை சாப்பிடலைங்கிறது மட்டும் உறுதி."

"எங்க ரத்தத்துல வேற என்னெல்லாம் தேடுறீங்க சார்?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம்."

"இதையும் தேடுறீங்கன்னு இப்பத்தானே சொல்றீங்க."

"ஆரம்பத்துல கையெழுத்து வாங்கினப்பவே படிச்சுக் காட்டினோம்" என்றார் டாக்டர், சிரிப்பு குறையாமல்.

வக்கீல் காபியைத் தொடவில்லை. யார் மாத்திரை சாப்பிடவில்லை, ஏன் சாப்பிடவில்லை என்பது அந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரியும். சாப்பிட வேண்டாம் என்று சட்டம் போட்டதே அவள்தான்.

நடந்தது இதுதான். முதல் ஊசி போட்ட கொஞ்ச நாளில் சில பெண்களுக்கு ஊசி குத்திய இடத்தில் தோலுக்கு அடியில் பட்டாணி போல ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை. விரலால் அமுக்கினால் நழுவி ஓடும். சில பெண்களுக்கு ஒன்றுமே இல்லை. வக்கீல் சங்க ஆபீஸின் பின்னறையைச் சாத்தினாள். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொரு வயிறாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கூச்சத்தில் நெளிந்தவர்களை, "ஊரே பாத்த வயிறுதானேடி, நான் பாத்தா என்ன?" என்று அதட்டினாள். பார்த்து முடித்ததும் தீர்ப்புச் சொன்னாள். கட்டி இருக்கிறவளுக்கு மருந்து உள்ளே தங்கியிருக்கிறது, ஆகவே ஊசி நிஜம். கட்டி இல்லாதவளுக்குப் போட்டது தண்ணீர், அது கரைந்துவிட்டது, ஆகவே மாத்திரை நிஜம். கட்டி இருந்தால் மாத்திரை வேண்டாம். கட்டி இல்லாவிட்டால் ஒரு நாள்கூட விடக்கூடாது.

மாத்திரையை விட்டுவிட அவர்களுக்குக் காரணமும் இருந்தது. அதைப் போட்டால் குமட்டுகிறது என்றார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, பாட்டில் குலுங்கும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு, நோய் வந்தவள் என்று முடிவுகட்டி, ஒருத்தியின் துணிமணிகளை வீட்டுச் சொந்தக்காரர் தெருவில் போட்டிருந்தார். வராமல் தடுக்கிற மாத்திரை இது என்று அவருக்கு யார் புரியவைப்பது? எனவே கட்டி உள்ளவர்கள் மாத்திரையைக் கழிவறையில் கொட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் காலிப் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். சங்கத்திலேயே பெரிய கட்டி பாட்டுக்காரிக்கு. எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பவள் அவள். அடுத்தது வக்கீலின் தங்கைக்கு.

டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் சட்டப்படி நிஜ மாத்திரை உள்ளவள் ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டாள், ஆகவே இவன் நூல் விடுகிறான். மாத்திரை சாப்பிடாதவளைக் கண்டுபிடித்து ஆய்விலிருந்து கழற்றிவிடப் பார்க்கிறான். அவளும் பதிலுக்கு ஒரு நூல் விட்டாள்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் சார். ஊசி போட்ட எடத்துல சில பேருக்குக் கட்டி மாதிரி வருதே, அது மருந்துதானே?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. "அதைப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது மேடம்" என்றார்.

மூலையில் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்த நர்ஸின் கை அப்படியே நின்றது. அவள் திரும்பி வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் எழுந்து வெளியே போனாள்.

கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது நர்ஸ் பின்னாலேயே வந்து கதவைத் தாழிட்டாள். சின்ன வயதுப் பெண். எந்த ஊசியையும் வலிக்காமல் போடுவாள் என்று பெண்களிடம் பெயர் வாங்கியவள்.

"கட்டியை வெச்சு ஏதாவது முடிவு பண்ணியிருக்கீங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்ன முடிவு சிஸ்டர்? ஒண்ணுமில்லையே."

"என்கிட்ட மறைக்காதீங்க. நிஜமாவே கேக்குறேன்."

"கேட்டுட்டு நேரா டாக்டர்கிட்ட போய்ச் சொல்றதுக்கா?"

நர்ஸ் மேல்சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வக்கீலின் ஈரக் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். கட்டைவிரலுக்கு அடியில் பட்டாணி ஒன்று நழுவி ஓடியது.

"ஆய்வு தொடங்குறதுக்கு முன்னாடி எங்களுக்குப் பயிற்சி நடந்துச்சு. இந்த ஊசி எப்படி இருக்கும்னு தெரியாம இன்னொருத்திக்குக் குத்த எனக்கு மனசு வரல. பழகிக்கக் குடுத்த பொய் ஊசி ஒண்ணை யாருக்கும் தெரியாம எனக்கு நானே போட்டுக்கிட்டேன். இதுல மருந்து ஒரு சொட்டுகூடக் கிடையாது. பாக்குறதுக்கு நிஜம் மாதிரி இருக்கணும்னு அதையும் கெட்டியாத்தான் செஞ்சிருக்காங்க. அதுலயும் கட்டி வரும்." குரலைத் தாழ்த்தினாள். "வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். நான் காட்டினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வக்கீல் கையை எடுக்கவில்லை. இன்னும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். கொழுப்புக் கட்டியாக இருக்குமோ? டாக்டரும் இவளும் சேர்ந்து ஆடும் நாடகமோ? மாத்திரையை விழுங்க வைக்க இப்படியும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்களோ? ஆனால் பின்னறையில் அத்தனை வயிறுகளை அமுக்கிய விரல் அது. அதை ஏமாற்ற முடியவில்லை. அதே பட்டாணி. அதே நழுவல்.

பொய் ஊசியிலும் கட்டி வரும் என்றால், கட்டி உள்ளவர்களில் சிலருக்கு ஊசி பொய், மாத்திரைதான் நிஜம். அந்த நிஜத்தை அவர்கள் அவள் பேச்சைக் கேட்டுக் கழிவறையில் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் நேராகத் தங்கையின் அறைக்குப் போனாள். தங்கை கட்டிலில் காலை நீட்டி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரையைத் திரும்ப ஆரம்பிடி."

"எனக்குத்தான் கட்டி இருக்கே. நீயே அமுக்கிப் பாத்து, உனக்கு அசல் சரக்குடின்னு சொன்னியே."

"தப்பா சொல்லிட்டேன். பொய் ஊசிக்கும் கட்டி வருமாம்."

"யார் சொன்னா?"

வக்கீல் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"பாத்தியா, சொல்ல மாட்டேங்குற. டாக்டர் ரூமுக்குக் காபி போச்சாம். அப்புறம் நீயும் நர்ஸும் கக்கூஸ்ல தாழ் போட்டுக்கிட்டீங்களாம். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த பாட்டுக்காரி எல்லாத்தையும் பாத்துட்டு அப்பவே போன் போட்டா. என்ன வக்கீலு, எவ்வளவுக்குப் பேசி முடிச்ச?"

"அடிப்பாவி, நான் உன் அக்காடி."

"அதனாலதான் மரியாதையா கேக்குறேன்."

"போன வாரம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சே..."

"மழையில நனைஞ்சா வராதா?"

"தொண்டை வலிக்குதுன்னு சொன்ன."

"ஐஸ் தண்ணி குடிச்சேன். இப்ப அதுக்கும் ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வந்தியா?"

தொற்று புதிதாக உடம்புக்குள் நுழையும்போது சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் போலவே வந்து போகும் என்று சங்கத்துக்கு நடந்த பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை எத்தனையோ பெண்களுக்கு எடுத்துச் சொன்னவள் வக்கீல். தங்கையிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

சங்கத்துப் பின்னறையில் எல்லோரையும் கூட்டி, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னபோதும் அதே கதைதான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம் ஒரு சட்டம், இந்த மாதம் ஒரு சட்டமா? டாக்டருக்கு எப்படித் தெரிந்தது? யார் காட்டிக்கொடுத்தது? நர்ஸின் வயிற்றைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். மறுநாளே அது லாரி நிறுத்தம் முழுக்கப் பரவி ஆஸ்பத்திரி வாசலை எட்டும், நர்ஸ் வீட்டுக்குப் போவாள். அவளைக் காப்பாற்றினால் இவர்கள் நம்பமாட்டார்கள். இவர்களை நம்ப வைத்தால் அவள் தொலைந்தாள். வக்கீல் அன்று முதல்முறையாகத் தன் கட்சிக்கு வாதம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீ எங்க பக்கமா, அவங்க பக்கமா? அதை மட்டும் சொல்லிடு" என்றாள் பாட்டுக்காரி. கேலியாகக் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் ஆய்வின் ஆலோசனைக் கூட்டம் இருந்தது. புதிய ஊசியை அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். நீள மேஜையைச் சுற்றி டாக்டர்கள். சுவரோரம் போட்ட பெஞ்சில் சங்கத்துப் பெண்கள். 'சமூகத்தின் குரல்' என்று நிகழ்ச்சி நிரலில் கடைசியில், நன்றியுரைக்கு முன்னால், வக்கீலுக்கு ஒரு இடம்.

ஊசி வேண்டும் என்று பேச அவள் ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தாள். எழுந்தவள் அதை விட்டுவிட்டாள்.

"எங்க பொண்ணுங்க பாதிப் பேர் மாத்திரை சாப்பிடல. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றாள்.

மேஜையில் பேனாக்கள் நின்றன. பெஞ்சில், "ஐயோ, போட்டுக் குடுத்துட்டாளே!" என்று ஒரு குரல் கிளம்பியது.

கட்டியைப் பற்றியும், பின்னறையைப் பற்றியும், தான் சொன்ன தீர்ப்பைப் பற்றியும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நான் கேக்குறதுக்கு நீங்க இங்க, எல்லார் காதுலயும் விழுற மாதிரி பதில் சொல்லணும் சார். பொய் ஊசி போட்டாலும் கட்டி வருமா, வராதா?"

"இது உங்களுக்கு யார்..."

"யாரும் சொல்லல. நான் சந்தேகப்படுறேன். சந்தேகப்படுறது என் தொழில்னு உங்களுக்குத் தெரியும்."

டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். சுவரோரம் நின்றிருந்த நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் மறந்தும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வரும்" என்றார் டாக்டர் கடைசியில். "ரெண்டுலயும் வரலாம். ரெண்டுலயும் வராமலும் போகலாம். அதை வெச்சு எதையும் சொல்ல முடியாது. முன்னாடியே சொல்லியிருந்தா, யாருக்கு எதுன்னு நீங்க தேட ஆரம்பிச்சுடுவீங்கன்னுதான் சொல்லாம விட்டோம்."

"சொல்லலைன்னுதான் தேடினோம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாக அவரவர் வயிற்றுக்குப் போயின. பாட்டுக்காரி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தங்கை மட்டும் கையை வயிற்றுக்குக் கொண்டுபோகாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஆய்வை இப்படிக் கெடுத்து வெச்சுட்டு, அடுத்து ஊசியும் வேணும்னு கோரிக்கை வைக்கப் போறீங்களா?"

"கெடுத்தது நான்தான் மேடம், பூசி மெழுகல. ஆனா நாளைக்கு இந்த ஊசி ஊரெல்லாம் வந்தாலும் வயிறு எங்க வயிறுதான், அமுக்கிப் பாக்குற விரலும் எங்க விரல்தான். எங்ககிட்ட எதைச் சொல்லணும், எதை மறைக்கணும்னு முடிவு பண்ற எடத்துல எங்களையும் உக்கார வைங்க. சுவரோரமா பெஞ்சு போட்டுக் காபி குடுத்தா, நாங்க பின்னறையில தனியா ஒரு ஆராய்ச்சி நடத்தத்தான் செய்வோம். இன்னொண்ணு. ஆய்வு முடிஞ்சு, ஊசிதான் நல்லதுன்னு தெரிஞ்சா, எங்க எல்லாருக்கும் அதைத் தொடர்ந்து போடுவீங்களா?"

"அதைப் பரிசீலிப்போம்."

"ஆமாவா இல்லையா மேடம்?"

"பரிசீலிப்போம்னுதான் இப்போதைக்கு என்னால சொல்ல முடியும்" என்றார் அதிகாரி. ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வக்கீல் உட்கார்ந்தாள்.

மறுநாள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. ஒருத்தி ஒருத்தியாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வக்கீல் தாழ்வாரத்தில் நின்று, வெளியே வரும் ஒவ்வொரு முகத்தையும் துருவித் துருவிப் பார்த்தாள். எந்த முகமும் பிடி கொடுக்கவில்லை.

தங்கை வந்தாள். "இப்ப ஒண்ணும் இல்லையாம். ஆனா புதுசா தொத்தியிருந்தா உடனே தெரியாதாம், அடுத்த மாசம் திரும்ப வரணுமாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

பாட்டுக்காரி பாட்டு எதுவும் முணுமுணுக்காமல் வெளியே வந்தாள். வக்கீலைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வந்துடுச்சுக்கா."

வக்கீல் அவள் கையைப் பிடித்தாள். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"சங்கத்துலயே என் கட்டிதான் பெருசுன்னு சொன்னியேக்கா."

"நான்..."

"பேசாத. நீ பேசினா நான் நம்பிடுவேன்." மடியிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "மருந்து இன்னைக்கே ஆரம்பிக்கிறாங்களாம். ஒழுங்கா சாப்பிட்டா நல்லா இருக்கலாமாம். சிஸ்டர் சொன்னா" என்றாள்.

"சிஸ்டர் சொன்னா நம்பு" என்றாள் வக்கீல். அவள் வாயிலிருந்து யாரைப் பற்றியும் வராத சொல் அது.

ஆய்வின் விளக்கத் தாளை மாற்றி எழுதினார்கள். கட்டியைப் பற்றிய பத்தியை எந்த வார்த்தையில் எழுதினால் புரியும் என்று கேட்டு, மேஜையில் சங்கத்துக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். ஒன்றில் வக்கீல் உட்கார்ந்தாள். மற்றொன்றில், சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசி, அவளைக் கண்காணிக்க என்றே பாட்டுக்காரியை உட்கார வைத்தார்கள். அது நியாயம்தான் என்று வக்கீலுக்கே பட்டது. ஆய்வுக்குப் பிறகு ஊசி கிடைக்குமா என்ற கேள்வி மட்டும் பரிசீலனையிலேயே இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள் இருவரும் மாறி மாறி அதைக் கேட்டார்கள்.

அந்த மாதம் முழுவதும் காலையில் வக்கீல் தங்கையின் அறைக்குப் போவாள். தங்கை பாட்டிலைத் திறந்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

"வாயைத் திற."

திறப்பாள்.

"நாக்கைத் தூக்கு. கன்னத்துக்குள்ள காட்டு."

"என்னை நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

"நல்லது. நானும் உன்னை நம்பி முழுங்கல. டாக்டர் எல்லார் முன்னாடியும் சொன்னான் பாரு, அதுக்காக முழுங்குறேன்."

அடுத்த மாதப் பரிசோதனையில் தங்கைக்குத் தொற்று இல்லை என்று வந்தது. வக்கீல் நம்பவில்லை. "இன்னொரு தடவை பாத்துடுங்க சிஸ்டர்" என்றாள். நர்ஸ் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை பார்த்தாள். இல்லை என்றே வந்தது. அப்போதுதான் வக்கீல் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, "எழுந்திரு வக்கீலு, எல்லாரும் பாக்குறாங்க" என்று தோளில் தட்டினாள்.

மறுநாள் காலையும் வக்கீல் போனாள். தங்கை மாத்திரையை விழுங்கிவிட்டு, கேட்பதற்கு முன்பே ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை நீட்டி வாயை அகலத் திறந்து காட்டினாள். வக்கீல் குனிந்து, நாக்குக்கு அடியிலும் பார்த்தாள்.